சேவல் கூவலாம், பக்கத்து வீட்டுக்காரர் தூங்கவும் வேண்டும்

கேள்வி: வக்கீல் ஐயா, திருச்சிக்கு வெளியே, முன்பு ஊராட்சியாக இருந்து இப்போது மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட பகுதியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். கொல்லைப்புறத்தில் பதினைந்து வருடமாக நாட்டுக்கோழி வளர்க்கிறேன். இப்போது 12 பெட்டையும் 3 சேவலும் இருக்கின்றன. இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்து மனையில் வீடு கட்டிக் குடிவந்தவர்கள், விடிகாலை மூன்று மணிக்கே சேவல் கூவித் தூக்கம் கெடுகிறது என்கிறார்கள். அவர்கள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. கோழிக்கூடு நடு மதிலை ஒட்டி இருக்கிறது, தகரக் கூரை போட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய படுக்கையறை ஜன்னல். போன வாரம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. 15 நாளில் சேவல்களை அப்புறப்படுத்தாவிட்டால் வழக்குப் போடுவார்களாம். "விஷம் வைத்துவிடுவேன்" என்று அந்த வீட்டுக்காரர் ஒருநாள் மதிலுக்கு மேலே எட்டிப்பார்த்துக் கத்தினார். "நாம்தான் முதலில் வந்தவர்கள், நோட்டீஸைக் கண்டுகொள்ளாதே" என்கிறார் என் கணவர். பிரான்ஸில் ஒரு சேவல் கோர்ட்டில் ஜெயித்த செய்தியை மகன் காட்டுகிறான். போலீஸ் வந்து சேவலைப் பிடித்துக்கொண்டு போவார்களா? சட்டம் யார் பக்கம்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் பயத்தைப் போக்கிவிடுகிறேன். சேவல் கூவியதற்காகப் போலீஸ் உங்களைக் கைது செய்ய முடியாது, சேவலைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. அதே சமயம், உங்கள் கணவர் சொல்வதுபோல் நோட்டீஸைக் கண்டுகொள்ளாமல் இருந்தால் உங்கள் நிலைமையை நீங்களே கெடுத்துக்கொள்வீர்கள். இந்த மாதிரி வழக்கில் நீதிமன்றம் கவனிப்பது இரண்டு விஷயங்களை: பக்கத்து வீட்டாருக்கு உண்மையில் எவ்வளவு பாதிப்பு, அதைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள். முதல் கேள்விக்கு அவர் சாட்சி கொண்டுவருவார். இரண்டாவது கேள்விக்கான பதில் முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

முதலில் வந்தவர் என்ற வாதம்

என்னிடம் வரும் அண்டை வீட்டுத் தகராறுகளில் அநேகமாக எல்லோரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். சட்டத்தில் இதற்கு மதிப்புக் குறைவு. 1879-ல் இங்கிலாந்தில் ஸ்டர்ஜஸ் எதிர் பிரிட்ஜ்மன் என்று ஒரு வழக்கு நடந்தது. இனிப்புப் பண்டம் செய்யும் ஒருவர் இருபது வருடத்துக்கும் மேலாக உரலில் இடித்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த டாக்டர் தன் தோட்டத்துக் கோடியில், அந்த உரல்கள் இருந்த சுவரை ஒட்டி, நோயாளிகளைப் பார்க்க ஓர் அறை கட்டிய பிறகுதான் சத்தம் தொல்லையானது. டாக்டர் பிறகு வந்து கட்டினார் என்பதற்காக அவர் வழக்கு தோற்கவில்லை, வென்றார். நம் நீதிமன்றங்களும் தனியார் தொல்லை வழக்குகளில் இந்தப் பழைய ஆங்கிலத் தீர்ப்புகளை எடுத்துப் பார்ப்பது வழக்கம்.

அப்படியானால் பதினைந்து வருடம் என்பது வீணா என்றால், இல்லை. உங்கள் பகுதி எப்படிப்பட்டது, அங்கே கோழி வளர்ப்பது சகஜமா என்பதை நீதிமன்றம் கட்டாயம் பார்க்கும். உங்கள் தெருவில் இன்னும் நாலு வீட்டில் கோழி இருந்தால் அது உங்களுக்குச் சாதகம். ஆனால் பகுதி மாறிக்கொண்டே வருகிறது என்பதையும் நீதிபதி பார்ப்பார்.

பிரான்ஸ் சேவலும் அடூர் சேவலும்

உங்கள் மகன் காட்டியது மொரீஸ் என்ற சேவலின் வழக்காக இருக்க வேண்டும். ஒலேரோன் தீவில் விடுமுறை வீடு வைத்திருந்த தம்பதி அதன் மேல் வழக்குப் போட்டார்கள். 2019 செப்டம்பரில் ரோஷ்ஃபோர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்து, சேவலின் சொந்தக்காரருக்கு 1,000 யூரோ இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2021-ல் கிராமப்புற ஓசைகளையும் வாசனைகளையும் அந்த வட்டாரங்களின் மரபாக அங்கீகரித்துப் பிரான்ஸ் ஒரு சட்டமே கொண்டுவந்தது. அந்தத் தீர்ப்பும் அந்தச் சட்டமும் திருச்சி நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது.

மறுபக்கத் தீர்ப்பும் உண்டு. 1936-ல் இங்கிலாந்தில் லீமன் எதிர் மொன்டேகு வழக்கில், குடியிருப்புப் பகுதிக்குப் பக்கத்தில் சுமார் 750 சேவல்களை வைத்திருந்த பண்ணைக்காரருக்கு எதிராக நீதிமன்றம் தடை உத்தரவு கொடுத்தது. அவை விடிவதற்கு முன்பே, இரண்டு மணியிலிருந்தே, கூவ ஆரம்பித்துவிடும் என்பதுதான் புகார். உங்களிடம் இருப்பது மூன்றுதான். ஆனால் எண்ணிக்கையைவிட நேரம்தான் தீர்ப்பைத் திருப்புகிறது என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு மிகவும் நெருக்கமான உதாரணம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. கேரளாவில் பத்தனம்திட்டா மாவட்டம் அடூரில், பக்கத்து வீட்டுச் சேவல் மூன்று மணிக்கே கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று ஒரு முதியவர் வருவாய் கோட்டாட்சியரிடம் புகார் கொடுத்தார். இடத்தைப் பார்த்தபோது, கோழிக்கூடு வீட்டின் மேல்மாடியில் இருந்தது. 2025 தொடக்கத்தில் கோட்டாட்சியர் உத்தரவு போட்டார்: கூட்டை 14 நாளில் மனையின் தெற்குப் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். கோழி வளர்க்கக் கூடாது என்றோ சேவலை விற்றுவிட வேண்டும் என்றோ சொல்லவில்லை, கூட்டை நகர்த்தச் சொன்னார். உங்கள் வழக்கும் நீதிமன்றத்துக்குப் போனால் அநேகமாக இங்கேதான் வந்து நிற்கும். கடைசியில் செய்யப்போவதை நோட்டீஸ் கெடுவுக்குள் நீங்களே செய்துவிட்டால் வழக்குக்கே வேலை இருக்காது.

அவர் எந்தெந்த வழியில் வரலாம்?

காவல் நிலையம்: பாரதிய நியாய சன்ஹிதாவின் 292-வது பிரிவின்படி பொதுத் தொல்லைக்கு 1,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் இது வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் கிடையாது. அதோடு, ஒரே ஒரு வீட்டுக்கு ஏற்படும் சிரமம் பொதுத் தொல்லை ஆகாது, அக்கம்பக்கத்துக்கே பாதிப்பு இருக்க வேண்டும். புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) போட்டு உங்களை விசாரணைக்குக் கூப்பிடலாம். கூப்பிட்டால் போய் அமைதியாகப் பதில் சொல்லுங்கள்.

கோட்டாட்சியர்: பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவின்படி, தொல்லையை அகற்றச் சொல்லிக் கோட்டாட்சியர் நிபந்தனை உத்தரவு போடலாம். உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் அது உறுதியாகும். உறுதியான உத்தரவை மீறினால் அது தனிக் குற்றம்.

மாநகராட்சி: இங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். நகர்ப்புறங்களில் விலங்குகளும் பறவைகளும் வளர்ப்பதை ஒழுங்குபடுத்த 1997-லேயே தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்துவிட்டது. ஊராட்சியாக இருந்தவரை உங்களுக்கு அந்தக் கவலை இருந்திருக்காது, இப்போது நிலைமை வேறு. மண்டல அலுவலகத்துக்குப் போய், உங்கள் வார்டில் கோழி வளர்க்க உரிமம் வேண்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். வேண்டும் என்றால் உடனே விண்ணப்பியுங்கள். சத்தத்தை விட்டுவிட்டு எச்சம், நாற்றம், ஈ என்று சுகாதார ஆய்வாளரிடம் புகார் போவதும் உண்டு. கூட்டைத் தினமும் பெருக்கிச் சுத்தமாக வையுங்கள்.

ஒலி மாசு விதிகள்: நோட்டீஸில் 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளையும் குறிப்பிட்டிருப்பார்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பது வரம்பு. ஆனால் இந்த அளவு குறிப்பிட்ட நேரத்தின் சராசரி. ஓரிரு நொடி கூவி நிறுத்தும் சேவலின் உச்ச சத்தத்தை மட்டும் செல்போன் செயலியில் பிடித்துக் காட்டி வரம்பு மீறல் என்று நிரூபித்துவிட முடியாது. இதைக் கேட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். தூக்கம் கெடுவதற்குச் சராசரி தேவையில்லை, ஒரு கூவலே போதும். ஒருவர் தன் வீட்டுக்குள் எழுப்பும் சத்தமும் எல்லை தாண்டி அடுத்தவருக்குத் தொல்லையாகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் ஒலி மாசு வழக்கில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

உரிமையியல் நீதிமன்றம்: உண்மையான ஆபத்து இதுதான். தனியார் தொல்லை என்று நிரந்தரத் தடை கேட்டு அவர் வழக்குப் போடலாம், தீர்ப்பு வரும்வரை தற்காலிகத் தடையும் கேட்கலாம். நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையரை அனுப்பலாம். அவர் வந்து மதிலுக்கும் கூட்டுக்கும் எத்தனை அடி, ஜன்னல் எந்தப் பக்கம், கூரை எதனால் ஆனது என்று அளந்து வரைபடத்தோடு அறிக்கை கொடுப்பார். இன்றைய நிலையில் அந்த வரைபடம் உங்களுக்கு எதிராகப் பேசும். மதிலை ஒட்டிய தகரக் கூரை, எதிரே குழந்தை தூங்கும் அறை என்று இருக்கும் படத்தை வைத்துக்கொண்டு எந்த வக்கீலாலும் உங்களுக்காக அதிகம் வாதாட முடியாது.

சேவலுக்கு என்ன செய்யலாம்?

ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் ஒன்றைக் காட்டினார்கள். வெளிச்சம் மாறாத மங்கலான அறையில் வைத்தாலும், சேவல்கள் தம் உடலுக்குள் இருக்கும் கடிகாரப்படி விடியலை எதிர்பார்த்துக் கூவின. ஆகவே இருட்டில் அடைத்தால் அடியோடு நின்றுவிடும் என்று யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கூட்டத்தில் தலைமைச் சேவல் முதலில் கூவ, மற்றவை வரிசையாகத் தொடர்கின்றன என்பதும் அவர்கள் பிறகு கண்டறிந்தது. இதிலிருந்து உங்களுக்கு உருப்படியான வழி கிடைக்கிறது.

ஒன்று, எண்ணிக்கை. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பது கோழி வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு. உங்கள் 12 பெட்டைக்கு ஒன்றே தாராளம். மற்ற இரண்டையும் கிராமத்தில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் கொடுத்துவிடுங்கள். போட்டி போட்டுக் கூவுவது குறையும். சாப்பிட முட்டை மட்டும் போதும் என்றால் சேவலே தேவையில்லை, பெட்டை எப்படியும் முட்டையிடும்.

இரண்டு, இடம். கூட்டை மதிலிலிருந்து பிரித்து, உங்கள் வீட்டுச் சுவர் நடுவில் மறைப்பாக நிற்கும்படி எதிர்ப்பக்கம் கொண்டுபோங்கள். மாடியில் வைக்காதீர்கள். தகரத்தை எடுத்துவிட்டு ஓலையோ, உள்பக்கம் சாக்குத் திரையோ போடுங்கள்.

மூன்று, இரவு அடைப்பு. சேவலை மட்டும் தனியாக இருட்டான மரக்கூட்டில் அடைத்து, ஆறு மணிக்குப் பிறகு திறந்துவிடுங்கள். தெருவிளக்கும் வண்டி வெளிச்சமும் உள்ளே விழாமல் இருந்தாலே பாதி கூவல் குறையலாம். ஆனால் காற்றோட்டம் கட்டாயம் வேண்டும், திருச்சி வெயில் காலத்தைச் சொல்லவே வேண்டாம். சேவல் கழுத்தை நீட்டித்தான் கூவும் என்பதால் தலை நிமிர முடியாத அளவுக்குத் தாழ்வான பெட்டியில் அடைக்கச் சிலர் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். நீளம், அகலம், உயரம் போதாத கூண்டில் அடைப்பது 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 11-வது பிரிவின்படி குற்றம். கழுத்தில் இறுக்கமாகப் பட்டை கட்டுவதும், குரலை அறுவை செய்து எடுப்பதும் அதே பிரிவில்தான் போய் விழும். பக்கத்து வீட்டாரின் தூக்கத்துக்காக வாயில்லா ஜீவனை மூச்சுத் திணற வைக்கச் சட்டம் உங்களைக் கேட்கவில்லை.

விஷம் வைத்தால்?

கோழிக்கு விஷம் வைத்துக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். அந்த மிரட்டலை தேதி, நேரம், கேட்டவர்கள் பெயரோடு குறித்து வையுங்கள். கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தைக்காக இப்போதே புகார் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. தூக்கமில்லாமல் கைக்குழந்தையோடு இருக்கும் மனிதர் கத்தியிருக்கிறார். மறுபடி மிரட்டினாலோ, சந்தேகப்படும்படி ஏதாவது நடந்தாலோ தயங்காமல் போங்கள்.

இந்தப் பதினைந்து நாளில்

கூட்டை நகர்த்துவதற்கு முன்னும் பின்னும் தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு வக்கீல் மூலம் நோட்டீஸுக்குப் பதில் அனுப்புங்கள். சேவல்களைக் குறைத்ததையும் கூட்டை மாற்றியதையும் இரவில் அடைப்பதையும் அதில் எழுதுங்கள். மறுப்பும் சவாலும் நிறைந்த பதில் வேண்டாம். ஒரு மாதம் கழித்துக் குறை இருந்தால் பேசத் தயார் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகும் ஒத்துவரவில்லை என்றால், அவர் வழக்குப் போடுவதற்கு முன் நீங்களே சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அங்கே இலவச சட்ட உதவி உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொண்டால், அந்தத் தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீலும் கிடையாது. எத்தனை சேவல், எந்த இடம், எத்தனை மணிக்குத் திறப்பது என்ற மூன்றையும் தெளிவாக எழுதி வாங்குங்கள். எழுதாமல் விட்ட விஷயம்தான் அடுத்த சண்டைக்கு ஆரம்பமாகும்.

ஒரு யோசனை, இது சட்டத்தில் இல்லாதது. பதில் நோட்டீஸ் தபாலில் போய்ச் சேர்வதற்கு முன், கூட்டை மாற்றிவிட்டோம் என்று நீங்களே அந்த வீட்டுப் பெண்ணிடம் நேரில் சொல்லிவிடுங்கள். இன்னும் பல வருடம் ஒரே மதிலைப் பகிர்ந்துகொள்ளப் போகிறவர்கள் நீங்கள். அந்த உறவை ஒட்டவைக்க எந்தத் தீர்ப்பாலும் முடியாது, அது உங்களால்தான் முடியும்.