கஞ்சாவை விட்ட பிள்ளைக்கு முதல் முப்பது நாட்கள்



கஞ்சாவின் கேட்டைப் பற்றி ஜும்ஆ பயானிலும் பள்ளிக்கூடத்திலும் நம் பிள்ளைகள் நிறையக் கேட்டிருக்கிறார்கள். "அதை விட்டுவிடு" என்று சொல்வதற்கு ஆள் பஞ்சமில்லை. விட்ட மறுநாளிலிருந்து அவன் என்ன பாடுபடுவான், அந்த நேரத்தில் வீட்டார் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். நான்கைந்து வருடங்களாக நாள் தவறாமல் புகைத்துவந்த மகன், அம்மாவின் கண்ணீருக்காகவோ அல்லாஹ்வுக்குப் பயந்தோ ஒருநாள் நிறுத்திவிடுகிறான். நான்காம் நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறான். தங்கச்சி மேல் எரிந்து விழுகிறான். இரவெல்லாம் மாடிக்கும் திண்ணைக்கும் நடக்கிறான். "முன்னேயாவது பேசாமல் கிடந்தான். இப்போது வேறு எதையோ பழகிக்கொண்டான்" என்று அத்தா முடிவு கட்டுகிறார். வாக்குவாதம் முற்றுகிறது. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியேறுகிறான். ஓர் இழுப்பில் இத்தனை வேதனையும் அடங்கிவிடும் என்பது அவனுக்குத் தெரியும். உண்மையாகச் செய்த தவ்பா ஒரு வாரத்துக்குள் உடைவது பெரும்பாலும் இப்படித்தான்.

அந்த எரிச்சலும் தூக்கமின்மையும் அவன் விட்டுவிட்டான் என்பதன் அடையாளமாக இருக்கலாம். அவை வரும் நாளும் உச்சமடையும் நாளும் அடங்கும் நாளும் ஏறக்குறையத் தெரிந்தவை. அந்தக் கணக்கை வீட்டார் தெரிந்து வைத்திருந்தால் முதல் மாதத்தைத் தாண்டிவிடலாம், இன்ஷா அல்லாஹ்.

1. உடம்புக்குள் என்ன நடக்கிறது?

பசி, உறக்கம், கோபம், பயம், ஞாபகம் ஆகியவற்றைச் சீராக வைத்திருக்க நம் உடம்பே சில பொருட்களைத் தயாரித்துக்கொள்கிறது. அவற்றுள் ஒன்றை 1992ல் கண்டுபிடித்தவர்கள், 'ஆனந்தம்' என்ற சமஸ்கிருதச் சொல்லை வைத்தே அதற்குப் பெயரிட்டார்கள். இந்தப் பொருட்கள் வந்து அமர்வதற்கு மூளையில் இருக்கைகள் போன்ற இடங்கள் உண்டு. கஞ்சாவில் இருக்கும் டி.எச்.சி. என்ற போதைப்பொருள் அந்த இருக்கைகளில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

தினமும் இப்படி நடந்தால் மூளை தன்னைக் காத்துக்கொள்ள இருக்கைகளைக் குறைத்துவிடுகிறது. பழைய அளவில் போதை ஏறாமல், அளவைக் கூட்டிக்கொண்டே போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். திடீரென நிறுத்தும்போது வெளியிலிருந்து வந்த பொருள் போய்விடுகிறது. உடம்பின் சொந்தப் பொருளுக்கோ போதிய இருக்கை இல்லை. பசியும் உறக்கமும் மனநிலையும் ஒருசேரத் தடுமாறுவது இதனால்தான். டாக்டர்கள் இதை விலகல் அறிகுறிகள் என்பார்கள்.

இதில் நல்ல செய்தியும் உண்டு. தினமும் புகைத்தவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகளில், நிறுத்திய இரண்டு நாட்களிலேயே இருக்கைகள் மீளத் தொடங்கியதும், ஏறத்தாழ நான்கு வாரங்களில் வழக்கமான அளவை நெருங்கியதும் தெரியவந்திருக்கிறது. தலைப்பில் முப்பது நாள் என்று குறிப்பிட்டதற்குக் காரணம் அதுவே.

"கஞ்சா மூலிகைதானே, விட்டால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது" என்று ஒரு பேச்சு உலவுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலில் கஞ்சா விலகல் தனி நோய்நிலையாகவே சேர்க்கப்பட்டது. தொடர்ந்து பயன்படுத்துகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது வருகிறது.

2. நாட்களின் கணக்கு

முதல் 3 நாட்கள்: நிறுத்திய 24 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் அறிகுறிகள் தொடங்கும். படபடப்பு, எரிச்சல், ஓரிடத்தில் இருக்க முடியாமை.

முதல் வாரம்: இதுதான் உச்சம். சின்னச் சொல்லுக்கும் கோபம் வரும். சோறு இறங்காது. வயிற்று வலி, தலைவலி, குளிர் நடுக்கம், கை நடுக்கம், இரவில் வேர்த்து நனைதல் ஆகியவை சிலருக்கு இருக்கும். காரணமில்லாத அழுகையும் வரலாம்.

இரண்டாம் வாரம்: பெரும்பாலோருக்கு உடம்பு உபாதைகள் தணியத் தொடங்கும். பசி திரும்பும்.

மூன்று, நான்காம் வாரங்கள்: உறக்கம்தான் கடைசியாகச் சீராகும். சிலருக்கு ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். கஞ்சா, கனவு காணும் உறக்கத்தை அமுக்கி வைத்திருக்கும். அது போனதும் கனவுகள் வெள்ளம்போல் வரும். அவற்றில் பல பயங்கரமாகவும் இருக்கும். கனவிலேயே புகைத்துவிட்டு, விழித்ததும் குற்ற உணர்வில் துடிப்பவர்கள் உண்டு. தூங்குகிறவன் மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்பது மக்தபில் நாம் ஓதிய பாடம். அதை அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் பக்கத்தில் சிகரெட்டையோ பீடியையோ உதிர்த்து, புகையிலையோடு கலந்துதான் பலரும் கஞ்சா புகைக்கிறார்கள். ஆகவே புகையிலையை விடுவதன் உபாதையும் சேர்ந்தே வரும். சிகரெட்டை மட்டும் வைத்துக்கொள்வோம் என்றால், அது கைக்கு வரும்போதெல்லாம் பழைய நினைவும் வரும். இரண்டையும் சேர்த்து விடுவதற்கு மருத்துவரிடம் உதவி உண்டு.

3. வீட்டில் செய்ய வேண்டியவை

நாளைக் குறியுங்கள்: விடும் தேதியை வீட்டில் ஒருவருக்காவது தெரியப்படுத்த வேண்டும். மிச்சமிருக்கும் பொட்டலம், சுருட்டும் தாள், லைட்டர் எல்லாவற்றையும் அவனே தன் கையால் அப்புறப்படுத்தட்டும். விற்பவனின் எண்ணை அவனே போனிலிருந்து அழிக்கட்டும்.

சாப்பாடு: தட்டு நிறையப் போட்டுக் கட்டாயப்படுத்த வேண்டாம். நோன்புக் கஞ்சி, இடியாப்பம், மோர், இளநீர், பழம் என்று இலேசானதைக் கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளை கொடுங்கள்.

உறக்கம்: எப்போது தூங்கினாலும் எழும் நேரம் ஒன்றாக இருக்கட்டும். அதற்குப் பஜ்ரை விடச் சிறந்த நேரம் இல்லை. பகலில் நீண்ட தூக்கம் வேண்டாம். அஸருக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். படுக்கைக்குப் போன் போகக் கூடாது. அரைமணி நேரம் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து ஒளு செய்து உட்கார்ந்து, கண் அசதியானதும் மீண்டும் படுக்கட்டும். மெடிக்கலில் தானாகத் தூக்க மாத்திரை வாங்குவது ஒரு குழியிலிருந்து ஏறி மறு குழியில் விழுவது.

உடல் உழைப்பு: தினமும் முக்கால் மணி நேரமாவது நடை, பந்தாட்டம், நீச்சல் என்று உடம்பு அசையட்டும். உறக்கத்துக்கும் மனதுக்கும் அது உதவும்.

கோபம்: முதல் நாளே ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். "எனக்கு வருகிறது" என்று அவன் சொன்னால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட வேண்டும். அவன் எழுந்து வேறு அறைக்குப் போகலாம். பணக் கணக்கு, வேலை, கல்யாணப் பேச்சு, பழைய குற்றப்பட்டியல் எதையும் முதல் இரண்டு வாரத்தில் எடுக்க வேண்டாம். ஆனால் கை நீட்டுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று யாரையும் சொல்லவில்லை. மனைவியோ தாயோ பயப்படும் நிலை வந்தால் உடனே பெரியவர்களை அழைக்க வேண்டும்.

மாலை நேரம்: எந்த நேரத்தில் புகைத்தானோ அந்த நேரத்தில் உடம்பு கேட்கும். பலருக்கு அது அஸருக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரம். அப்போது மாமாவோ மச்சானோ நல்ல கூட்டாளியோ கூட இருக்கட்டும். ஆசை அலைபோல் எழும்பி, பெரும்பாலும் சில நிமிடங்களில் இறங்கிவிடும். அந்தச் சில நிமிடங்களைக் கடத்துவதே அன்றைய வேலை.

சறுக்கினால்: ஒருநாள் சறுக்கியதால் பன்னிரண்டு நாள் உழைப்பு பாழாகிவிடாது. "எல்லாம் நடிப்பு" என்று சொல்லாமல், எந்த நேரம், யாரோடு, எதனால் என்று கேட்டு, அந்த வழியை அடைத்து, மறுநாளே தொடரச் செய்யுங்கள்.

4. செய்யக் கூடாத மூன்று

ஒன்று, "கல்யாணம் பண்ணி வைத்தால் திருந்திவிடுவான்" என்பது. யாரோ பெற்ற பெண்பிள்ளை நம் பிள்ளைக்கு மருந்து ஆக மாட்டாள். மறைத்துச் செய்யும் நிக்காஹ் இரண்டு குடும்பங்களின் வழக்காக ஜமாஅத்துக்கு வந்து நிற்கும்.

இரண்டு, "சபருக்கு அனுப்பிவிடலாம்" என்பது. டி.எச்.சி. கொழுப்பில் தங்கும் பொருள். நெடுநாள் புகைத்தவரின் சிறுநீரில் நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்கு அது தென்படலாம். வளைகுடா நாடுகளின் போதைச் சட்டங்கள் மிகக் கடுமையானவை. விடாத பழக்கத்தோடு அங்கே அனுப்புவது சிறைக்கு டிக்கெட் எடுத்துக் கொடுப்பதற்குச் சமம்.

மூன்று, ஜின், செய்வினை என்று முடிவு செய்து பூட்டி வைப்பதும் கட்டி வைப்பதும். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டுண்டு தப்பிக்க முடியாமல் 28 பேர் உயிரிழந்ததை நம் சமுதாயம் மறக்கக் கூடாது. துஆ செய்யுங்கள், ஓதிப் பாருங்கள். கூடவே மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள்.

5. எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

கஞ்சா விலகல் துன்பமானது என்றாலும் அதனாலேயே உயிர் போவது வழக்கமில்லை. ஆனால் கீழ்க்காணும் நிலைகளில் ஒருநாளும் தாமதிக்கக் கூடாது.

சாக வேண்டும் என்று பேசினால், அது மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். தனியே விடாமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்.

காதில் குரல் கேட்கிறது, எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று சொன்னால், அது வெறும் விலகல் அறிகுறி அல்ல. மனநல மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை.

வாந்தி நிற்காமல் தொடர்ந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கஞ்சாவோடு மதுவோ தூக்க மாத்திரையோ பழகியிருந்தால், அவற்றை வீட்டில் திடீரென நிறுத்தாதீர்கள். வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

கஞ்சா விலகலுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட தனி மருந்து இல்லை. உறக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தேவைப்பட்டால் சில நாட்களுக்கு மருந்து தந்து, ஆலோசனையால் மனதைப் பலப்படுத்துவதே சிகிச்சை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் உண்டு. போதை மீட்புக்கான தேசியக் கட்டணமில்லா எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416.

6. போலீஸ் பயம்

சிகிச்சைக்குப் போனால் வழக்கு வருமோ என்று பல பெற்றோர் அஞ்சுகிறார்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு தொடர்பான குற்றத்துக்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமை, தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த நிலையத்திலோ சிகிச்சை பெற்றால், அந்த வழக்கு நடவடிக்கையிலிருந்து பாதுகாப்புக்கு அது இடம் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்படலாம். பெரிய அளவில் விற்பவருக்கு இது பொருந்தாது. வழக்கு ஏற்கெனவே இருந்தால் வழக்கறிஞரிடம் இந்தப் பிரிவைப் பற்றிக் கேளுங்கள்.

தன் வீட்டில் மட்டும்தான் இந்தச் சோதனை என்றும் எண்ண வேண்டாம். மத்திய அரசு 2019ல் வெளியிட்ட ஆய்வின்படி, கஞ்சா பழக்கத்தால் உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் நாட்டில் சுமார் 72 லட்சம் பேர்.

7. தவ்பாவின் வாசல்

"குர்ஆனில் கஞ்சா என்ற பெயரே இல்லையே" என்று வாதிடும் வாலிபர்கள் உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த ஷாஃபிஈ மத்ஹப் அறிஞர் பத்ருத்தீன் ஸர்கஷீ அவர்கள், ஹஷீஷ் என்னும் கஞ்சாப் பொருள் ஹராம் என்று விளக்கவே தனி நூல் எழுதினார்கள். ஆகவே இது புதிதாக முளைத்த கேள்வி அல்ல.

இதற்கு மறுகோடியில் நிற்கும் வாலிபன்தான் நம் கவலைக்குரியவன். "போதையில் இருந்தவன் தொழுகை நாற்பது நாள் ஏற்கப்படாதாமே, பிறகு எதற்குத் தொழ வேண்டும்?" என்று பள்ளிவாசலை விட்டே அவன் ஒதுங்கிவிடுகிறான். நன்மை குறைவது வேறு, கடமை நீங்குவது வேறு என்றும், தவ்பா செய்தவனுக்கு வாசல் திறந்தே இருக்கிறது என்றும் உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள். முதல் வாரத்தில் அவன் ஸஃப்பின் ஓரத்தில் வந்து நின்றால், முறைத்துப் பார்க்காமல் ஸலாம் சொல்லி இடம் விடுவது நம் மீதுள்ள பொறுப்பு. ரமளானில் இந்த உபாதைகள் கடுமையாக இருந்தால் நோன்பு பற்றி மருத்துவரையும் ஹஜ்ரத்தையும் கேட்டு முடிவெடுங்கள்.

குடும்பத்தோடு பேச:

நம் வீட்டுப் பிள்ளை "நான் விட்டுவிடுகிறேன், உதவுங்கள்" என்று சொன்னால், முதலில் நம் வாயிலிருந்து வரும் சொல் எதுவாக இருக்கும்?

மாலை நேரத்தில் அவனோடு இருக்கக் கூடிய மூன்று பேர் யார்?

மஹல்லாவில் ஒருவன் திருந்தி வந்தால், பழைய பெயரைச் சொல்லாமல் அவனை நாம் அழைப்போமா?

மருத்துவமனைக்குத் துணை வர ஆள் தேவைப்படும் குடும்பத்தார், இஷாவுக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்து சொல்லலாம். பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

விட நினைக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உறுதியையும், அவர்களைப் பெற்றவர்களுக்குப் பொறுமையையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.