நெஞ்சு படபடப்பும் அதைப் பிடிக்கும் சிறு கருவிகளும்

தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மிஷின் சில நாட்களில் இடறி இடறி ஓடும். திருத்துபவரைக் கூட்டி வந்தால் அந்த நேரம் பார்த்து ஒரு குறையுமில்லாமல் ஓடும். "மிஷினில் பிழை இல்லை" என்று சொல்லிவிட்டு அவர் படலையைத் தாண்டியதும் மறுபடி இடறும். இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும் நோயும் பலருக்கு இப்படித்தான் வருகிறது. இரவில் நெஞ்சு பறை அடித்தாற்போல் அடிக்கும், தலை சுற்றும். விடிந்தபின் ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கும். "யோசனைதான் காரணம்" என்று வீட்டாரும் சொல்லிவிடுவர். வீடு வாசலையும் காணியையும் விட்டு வந்தவர்களுக்கு யோசனை இல்லாமலா இருக்கும்? ஆனால் உடலில் தோன்றும் எல்லாவற்றையும் யோசனையின் தலையில் கட்டிவிடுவது ஆபத்தானது.

கணக்கைப் பாருங்கள். எமது இதயம் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு இலட்சம் தடவை துடிக்கிறது. ஈ.சி.ஜி. தாளில் பதிவாவது வழக்கமாக 10 செக்கன் அளவான துடிப்பே. ஒரு நாளில் 86,400 செக்கன்கள் உண்டு. எனவே, அந்தத் தாள் சரியாக இருந்தது என்றால் அந்தப் பத்துச் செக்கனில் பிழை இருக்கவில்லை என்பதே அதன் பொருள்.

இந்தக் குறையைத் தீர்க்க முயன்றவர் அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்தைச் சேர்ந்த நோர்மன் ஹோல்ரர். நோயாளியைக் கட்டிலில் கிடத்திப் பார்ப்பதை விட, அவர் நடமாடி வேலை செய்யும்போது இதயம் என்ன செய்கிறது என்று அறிவதே பயன் என்று அவர் எண்ணினார். 1940களின் இறுதியில் அவர் செய்த முதற் கருவி வானொலி அலை மூலம் துடிப்பை அனுப்பியது. அதன் நிறை ஏறக்குறைய 38 கிலோ! அதை முதுகில் சுமந்துகொண்டு, நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிளில் அவரே ஏறி மிதித்துப் பார்த்தார். முக்கால் மூடை நெல்லைச் சுமந்துகொண்டு இதயத்தைச் சோதிப்பது போன்ற காரியம் அது. பின்னர் உறுப்புகள் சிறுத்து, 1961இல் அவர் தமது முறையை விஞ்ஞான உலகுக்கு விவரித்து எழுதினார். இன்று ஹோல்ரர் கருவி இடுப்பிலோ கழுத்திலோ தொங்கவிடக்கூடிய சிறு பெட்டி. மார்பில் ஒட்டப்படும் வில்லைகளிலிருந்து மெல்லிய வயர்கள் அதற்கு வரும். 24 மணி அல்லது 48 மணி நேரத் துடிப்பு முழுவதையும் அது பதிந்து வைக்கும்.

இவ்வளவு பாடுபட்டுத் தேடும் அளவுக்கு அந்தப் பிழை என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். துடிப்புக் கோளாறுகள் பலவகை. இடைக்கிடை ஒரு துடிப்புத் தவறுவது பலருக்கும் உள்ளது; பெரும்பாலும் தீங்கற்றது. நாம் கவனிக்க வேண்டியது சோணையறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை. கிளினிக் அட்டையில் இதை ஏ.எப். என்று எழுதுவர். ஓடும் வாய்க்காலில் பாசி பிடிப்பதில்லை. மூலையில் தேங்கிய நீரில்தான் பிடிக்கும். அதுபோல், நடுங்கும் இடது சோணையறையின் மூலையில் இரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி அங்கிருந்து கிளம்பி மூளையின் இரத்தக் குழாயை அடைத்தால் பாரிசவாதம். நேற்று மண்வெட்டி பிடித்த கை இன்று கோப்பையைப் பிடிக்க மாட்டாது. காலத்தோடு கண்டுபிடித்தால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தினால் இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கலாம்.

இது முதியவர்களுக்கே கூடுதலாக வரும் நோய். எனினும் சிறு வயதில் தொண்டை நோவின் பின் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கியவர்களுக்கு முப்பது, நாற்பது வயதிலேயே வரலாம். நெருக்கடியான குடியிருப்புகளில் அந்தத் தொண்டை நோவு எளிதில் பரவும். அத்தகையோருக்கு வார்பரின் குளிசையே ஏற்றது என்பதை 2022இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று உறுதிப்படுத்தியது. பழைய குளிசை, மலிவான குளிசை என்று அதை இளக்காரமாக எண்ண வேண்டாம். ஆனால் குறித்த நாளில் இரத்தம் சோதிக்காமல் அதைக் குடிப்பதும் கூடாது.

ஹோல்ரர் பூட்டி விட்டால் எம்மவர் பலர் பயந்து, பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி பாயில் படுத்துவிடுகிறார்கள். அப்படியானால் கருவி பூட்டியதன் பயன் என்ன? வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள், தண்ணீர் அள்ளுங்கள், நடவுங்கள். சாதாரண பெட்டி நனையக்கூடாது என்பதால் பூட்டப் போகும் முன் குளித்துவிடுங்கள். மார்பில் எண்ணெய் பூசினால் வில்லை ஒட்டாது. மிக முக்கியமானது ஒரு துண்டுக் கடதாசி. நெஞ்சு அடித்த நேரம், அப்போது செய்த வேலை இரண்டையும் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். கருவியின் பதிவும் கடதாசியின் நேரமும் பொருந்தும்போதுதான் வைத்தியருக்கு விடை கிடைக்கும்.

மாதத்தில் ஒரு தடவை மட்டும் வரும் படபடப்பு அந்த ஒரு நாளில் அகப்படாமல் போகலாம். அதற்காக மார்பில் ஒட்டி இரண்டு வாரம் விடும் பட்டிகளும், தோலின் கீழ் வைத்து ஆண்டுக் கணக்கில் பதியும் சிறு கருவிகளும் உள்ளன. இரு கை விரல்களையும் வைத்தால் 30 செக்கனில் கைபேசியில் துடிப்பை வரைந்து காட்டும் தகடு 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2018 முதல் கைக்கடிகாரத்திலேயே இவ்வசதி வந்துள்ளது.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் இக்கடிகாரங்களைப் பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் 4,19,297 பேர் பங்குகொண்ட ஓர் ஆய்வின் முடிவு 2019இல் வெளிவந்தது. நூற்றுக்கு அரைப்பங்கு அளவானோருக்கே கடிகாரம் எச்சரிக்கை கொடுத்தது. அப்படி எச்சரிக்கப்பட்டு, பின்னர் பட்டி ஒட்டிச் சோதித்த 450 பேரில் 34 வீதமானோரிடம் ஏ.எப். பதிவானது. அது வந்து போகும் நோய் என்பதால் மற்றவர்களுக்கு இல்லை என்றும் முடிவு கட்ட இயலாது. மேலும், டென்மார்க்கில் 70 வயது கடந்த 6,004 பேரை வைத்துச் செய்த ஆய்வில், தோலின் கீழ் கருவி வைத்தவர்களில் ஏறக்குறைய மூன்று மடங்கு பேரிடம் இந்நோய் பிடிபட்டது. ஆனால் பாரிசவாதம் திட்டமாகக் குறைந்தது என்று 2021இல் வந்த முடிவு காட்டவில்லை. ஆகவே ஒரு குறியும் இல்லாதவர் கடன்பட்டுக் கருவி வாங்குவது வீண் செலவு என்பதே எமது கருத்து. குறி உள்ளவர் கடிகாரத்தை நம்பி வீட்டில் இருப்பதும் தவறு.

செலவில்லாத கருவி எமது விரல்களே. பெருவிரலின் அடியில், மணிக்கட்டில், மறு கையின் இரு விரல்களை வைத்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுங்கள். இருவர் மாறி மாறி உரலில் இடிக்கும் சீர் அதில் இருக்க வேண்டும். எந்தச் சீருமே பிடிபடாமல் தாறுமாறாக வந்தாலோ, ஓய்ந்திருக்கும்போதே 120க்கு மேல் போனாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். அறுபத்தைந்து வயது தாண்டியவர்களும் பிரசர், நீரிழிவு உள்ளவர்களும் பிரசர் பார்க்கும் நாளிலேயே நாடியையும் பார்ப்பிப்பது நல்லது. மயக்கம், நெஞ்சு நோவு, வாய் கோணுதல், கை கால் விறைத்தல், பேச்சுக் குழறுதல் என்றால் நாடி பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். தொடங்கிய நேரத்தைச் சொல்ல மறக்க வேண்டாம். மூளையில் அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்தை முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் ஏற்றுவார்கள்.

பழைய ஈ.சி.ஜி. தாளை எறிந்துவிடாதீர்கள். அந்தத் தாளின் மை வெயிலிலும் சூட்டிலும் மங்கிப் போகும். ஒரு போட்டோப் பிரதி எடுத்து, கிளினிக் அட்டையோடும் குளிசைகளின் பெயர் எழுதிய துண்டோடும் சேர்த்துப் பொலித்தீன் பையில் போட்டு, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் அதே பையில் வையுங்கள்.