கனத்த மனிதருக்கு எந்தச் சுருள்வில்?

தார்ச்சாலையிலும் ஓடவேண்டும், கல்லும் பள்ளமுமான காட்டுப் பாதையிலும் ஓடவேண்டும் என்று இருவகை வேலைக்காகச் செய்யப்படும் மோட்டார் சைக்கிள்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2016இல் வெளிவந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் அவற்றுள் ஒன்று. அதன் முன்சக்கரம் 200 மி.மீ., பின்சக்கரம் 180 மி.மீ. மேலும் கீழும் நகர இடம் உண்டு. இத்தகைய வண்டியில் 65 கிலோகிராம் எடையுள்ளவர் சுகமாகப் போய்வருகிறார். 110 கிலோகிராம் எடையும் ஆறேகால் அடி உயரமும் உள்ளவர் அதே பாதையில் போனால் பெரிய பள்ளம்தோறும் ‘டங்’கென்று அடிவாங்குகிறது. வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் நிமிர்ந்து, இரவில் அவருடைய விளக்கு எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கிறது.

மெக்கானிக்கிடம் சொன்னால், “ஸ்பிரிங்கைக் கொஞ்சம் டைட் வைத்தால் கெட்டியாகிவிடும்” என்பார். உண்மையிலேயே கெட்டியாகுமா?

சுருள்வில்லில் ஏற்படும் நீட்சியோ அமுக்கமோ அதன்மீது செயற்படும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற ஹூக்கின் விதி உங்களுக்குத் தெரியும். (ராபர்ட் ஹூக் 1676இல் இதை நேராகச் சொல்லாமல், இலத்தீன் வாக்கியத்தின் எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கி ஒரு புதிராக வெளியிட்டார். விடையை அவரே 1678இல் சொன்னார். பிறர் முந்திக்கொள்ளக் கூடாதே!) விசையை அமுக்கத்தால் வகுத்தால் கிடைப்பது சுருள்வில் மாறிலி. கம்பியின் பருமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, உலோகத்தின் தன்மை ஆகியவையே இதைத் தீர்மானிக்கின்றன. மெக்கானிக் திருகும் வளையம் இவற்றுள் எதையும் மாற்றுவதில்லை. சுருள்வில்லை முன்கூட்டியே சிறிது அமுக்கிவைக்கிறது, அவ்வளவே. இதை முன்னழுத்தம் என்போம்.

கணக்கிட்டுப் பார்ப்போம். பின்வரும் எண்கள் கம்பெனி தந்தவை அல்ல. நம் வசதிக்காக எடுத்துக்கொண்டவை. பின்சக்கரத்தின் மேல் வண்டியின் பங்கு 75 கிலோகிராம் என்றும், ஓட்டுபவரின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அங்கே இறங்குகிறது என்றும் கொள்வோம். மெலிந்தவர் அமர்ந்தால் மொத்தம் 118 கிலோகிராம். கனத்தவர் அமர்ந்தால் 148. சக்கரத்தின் அச்சில் அளந்த மாறிலி மில்லிமீட்டருக்கு 15 நியூட்டன்; முன்னழுத்தம் 17 மி.மீ.

மெலிந்தவரின் பளு சுமார் 1,160 நியூட்டன். அதை 15ஆல் வகுத்தால் 77. அதில் 17 போக, வண்டி 60 மி.மீ. அமிழும். மொத்த நகர்வில் இது மூன்றில் ஒரு பங்கு. கரட்டுப் பாதை வண்டிகளுக்கு ஏறக்குறைய இந்த அளவே ஏற்றது. பள்ளங்களைச் சமாளிக்க இன்னும் 120 மி.மீ. மீதம் இருக்கிறது. கனத்தவரின் பளு 1,450 நியூட்டன். அமிழ்வு 80 மி.மீ., மீதம் 100 மட்டுமே.

இப்போது வளையத்தைத் திருகி முன்னழுத்தத்தை 37 மி.மீ. ஆக்குங்கள். அமிழ்வு மறுபடியும் 60 ஆகிவிடும். விளக்கும் நேராகும். ‘சரியாகிவிட்டது’ என்று தோன்றும். ஆனால் ஆற்றலைக் கணக்கிட்டால் கதை வேறு. மீதமுள்ள 120 மி.மீ.யில், நிலையான பளுவைத் தாங்கியதுபோக, சுருள்வில் ஏற்கக்கூடிய ஆற்றல் ½kx². அதாவது இருவருக்கும் ஒரே 108 ஜூல். எண்ணெயின் தடையை விட்டுவிட்டால், மெலிந்தவரின் வண்டி விநாடிக்கு 1.35 மீட்டர் வேகத்தில் அமுங்கும்போதுதான் அடிதட்டும். 148 கிலோகிராமுக்கு 1.21 மீட்டரே போதும். திருகுவதற்கு முன்பு இது 1.0 மீட்டராக இருந்தது. ஆக, மெக்கானிக் சொன்னதில் பாதி பலன் உண்டு. மீதிப் பாதிக்குச் சுருள்வில்லையே மாற்றவேண்டும்.

நிறை 118இலிருந்து 148 ஆக, அதாவது கால்பங்கு, கூடியது. மாறிலியையும் கால்பங்கு கூட்டி 18.8 நியூட்டன் ஆக்குவோம். பழைய 17 மி.மீ. முன்னழுத்தத்திலேயே அமிழ்வு 60 மி.மீ. வருகிறது. அடிதட்டும் வேகமும் 1.35 மீட்டருக்குத் திரும்புகிறது. அலைவின் அதிர்வெண் k/m என்ற விகிதத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது அல்லவா? அதுவும் மாறவில்லை. இதே சுருள்வில்லை மெலிந்தவருக்குப் போட்டால் அவரைத் தூக்கித் தூக்கிப் போடும்.

சுருள்வில் தனியாக இருந்தால் வண்டி ஒவ்வொரு பள்ளத்துக்கும் நெடுநேரம் ஆடிக்கொண்டிருக்கும். அதிர்வுதாங்கிக்குள் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே பிதுக்கி, அந்த ஆட்டத்தை வெப்பமாக்கிவிடுகிறார்கள். வலுத்த சுருள்வில் அதிக விசையோடு திரும்பி எழுவதால் இந்தத் தடையும் கால்பங்கு கூடவேண்டும். இதைக் கவனியாமல் சுருள்வில்லை மட்டும் மாற்றுகிறவர்கள் பலர். பணம் செலவழித்தும் வண்டி துள்ளுகிறதே என்று பிறகு அங்கலாய்ப்பார்கள். முன் ஃபோர்க்கில் கூடுதல் பாகுநிலை உள்ள எண்ணெயை ஊற்றி ஓரளவு சமாளிக்கலாம். பின்பக்க அதிர்வுதாங்கி மூடி முத்திரையிட்டதாக இருந்தால் முழுவதையும் மாற்ற நேரும்.

உயரம் வேறொரு தொல்லை. உயரமானவரின் நிறைமையம் மேலே இருப்பதால், பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு அதிகப் பளு மாறுகிறது. மூக்கு குப்புறக் கவிழ்கிறது. எனவே முன் சுருள்வில்களையும் மாற்றவேண்டும். ஆனால் ஓட்டுபவரின் எடை பெரும்பாலும் பின்னால் இறங்குவதால், அங்குக் கூட்டிய அளவுக்கு இங்குக் கூட்டவேண்டியதில்லை.

வீட்டிலுள்ள எந்த மோட்டார் சைக்கிளிலும் அமிழ்வை நீங்களே அளக்கலாம். பெரியவர்கள் இருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். பின் அச்சிலிருந்து அதற்கு நேர்மேலே உடற்சட்டத்தில் ஒரு புள்ளிவரை டேப்பால் மூன்றுமுறை அளந்து குறியுங்கள்: சக்கரம் தரையில் படாமல் தூக்கியபோது, வண்டி தானாக நிற்கும்போது, ஓட்டுபவர் அமர்ந்தபோது. முதல் அளவிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் இரண்டு அமிழ்வுகள் கிடைக்கும். நம் கணக்கில் மெலிந்தவரின் வண்டி தானாக 32 மி.மீ. அமிழும். கனத்தவருக்காகத் திருகிய வண்டியில் அது 12தான். ஆள் அமர்ந்த அமிழ்வு சரியாக இருந்து, வெறும் வண்டி மட்டும் இப்படி அமிழாமல் விறைத்து நின்றால், சுருள்வில் கெட்டியாக இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். அவருக்கு அது மெலிந்த சுருள்வில்; திருகித் திருகி நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள்.