மன்றத்தில் ஒரு தனிக்குரல்: இரட்டைமலை சீனிவாசனாரின் 1924ஆம் ஆண்டுத் தீர்மானம்

முன்னுரை

சேயூர் என இலக்கியம் போற்றும் செய்யூர், அந்தகக்கவி வீரராகவ முதலியார் இயற்றிய சேயூர் முருகன் பிள்ளைத்தமிழால் தமிழ் மாணவர்க்கு அறிமுகமான ஊராகும். தனி வட்டமாவதற்கு முன்னர் இவ்வூர் மதுராந்தகம் வட்டத்தில் அடங்கியிருந்தது. அந்த மதுராந்தகம் பகுதியைச் சேர்ந்த கோழியாளம் என்னும் சிற்றூரில் தோன்றியவரே திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன். கட்சியின் துணையோ தொகுதியின் வாக்கோ இல்லாத ஓர் உறுப்பினர், தம் மண்ணின் துயரைச் சட்டமன்றத்தின் பொருளாக்கிய வரலாறு அவருடையது. அவர் 1924இல் கொணர்ந்த தீர்மானத்தின் வழி அவ்வரலாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மண்ணின் நிலை

செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராகப் பணியாற்றிய திரமென்கீர், இம்மாவட்டப் பறையர் மக்களின் நிலை குறித்து 1891இல் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். மிராசு முறையில் நிலவுரிமை ஒரு சிலரிடமே தங்கியிருந்தமையும், உழுதவர் குடியிருக்கும் மனைக்கும் உரிமையற்று வாழ்ந்தமையும் அதனால் வெளிப்பட்டன. ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் வழங்கும் அரசாணை 1892இல் பிறந்தது. பஞ்சமி நிலம் என இன்று நாம் வழங்குவது இதன் வழி வந்ததே.

சீனிவாசனார் 1891இல் பறையர் மகாசன சபையை நிறுவினார். 1893இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். இழிவாக வழங்கப்பட்ட பெயரையே இதழின் தலைப்பில் பொறித்தது அவருடைய நெஞ்சுரத்தைக் காட்டும். பின்னர்த் தென்னாப்பிரிக்கா சென்று, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் தாயகம் திரும்பினார். 1923இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராக நியமிக்கப்பெற்றார்.

அவையில் அவர் நின்ற இடம்

1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அம்மன்றத்தில் 98 உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். சொத்தும் வரியும் உடையோர்க்கே பெரும்பாலும் வாக்குரிமை இருந்தது. முஸ்லிம்களுக்கெனத் தனித்தொகுதிகள் இருந்தன. ஒடுக்கப்பட்டோர்க்கோ தேர்தல் வழி இல்லை. ஆளுநரின் நியமனம் ஒன்றே வாயில். எனவே சீனிவாசனார்க்குப் பின்னால் வாக்காளர் திரளும் இல்லை. அவர் சொற்கேட்டுக் கைதூக்கும் அணியும் இல்லை. பனகல் அரசர் தலைமையிலான நீதிக்கட்சி அமைச்சரவை அப்போது ஆட்சியிலிருந்தது. இந்நிலையில் ஒரு தனி உறுப்பினர்க்குக் கிட்டும் கருவிகள் வினா, உரை, தீர்மானம் போன்றவை எனலாம். அவற்றுள் தீர்மானத்தை அவர் தெரிவு செய்தார்.

தீர்மானமும் அதன் சொல்லாட்சியும்

1924 ஆகஸ்டு 22ஆம் நாள் அத்தீர்மானம் அவையின்முன் வந்தது. அதன் சாரம் இரு கூறுகளை உடையது. எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்த ஊரிலும் நகரிலும் பொதுச்சாலை, தெரு, பாதை வழியே நடப்பதற்குத் தடையில்லை என்பது முதற்கூறு. பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடுமிடம் ஆகியவற்றை ஏனைய சாதி இந்துக்கள் பயன்படுத்தும் அதே முறையில் ஒடுக்கப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்பது இரண்டாவது கூறு. அரசு இதனை ஏற்று 1924 செப்டம்பர் 25ஆம் நாள் ஆணை பிறப்பித்தது.

மாணவர் இதன் சொல்லாட்சியை நுணுகி நோக்குதல் வேண்டும். முதற்கூறு ஒரு சாதிக்குச் சலுகை கேட்கவில்லை. 'எவரும்' என்னும் பொதுமையில் நிற்கிறது. மறுப்பவர் அச்சாலை பொதுச்சாலை அன்று என்று வாதிட்டாலன்றி இதனை எதிர்க்க இயலாது. இரண்டாவது கூறு இரக்கம் வேண்டவில்லை; பிறர்க்குள்ள அதே உரிமையை அளவுகோலாக வைக்கிறது. வலிமை குறைந்த உறுப்பினர், மறுத்தற்கரிய சொற்களால் தம் கோரிக்கைக்கு அரண் செய்துகொண்டார். அதே 1924இல்தான் திருவிதாங்கூரின் வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக மக்கள் போராடிக் கொண்டிருந்தனர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆணைக்குப் பின்

ஆணை பிறந்தவுடன் கிணறுகள் திறந்துவிடவில்லை. பிறர் நிலத்தில் கூலிக்கு உழைப்பவர், நிலவுடையார் சினந்தால் வேலையும் குடியிருப்பும் இழப்பர். ஆகவே தாளில் பெற்ற உரிமையை ஊரில் பயன்படுத்தும் துணிவு எளிதில் வரவில்லை. மண்ணுரிமையும் நீருரிமையும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பது இதனால் புலனாகும்.

எனினும் தீர்மானம் வீண்போகவில்லை. 1938இல் சென்னை மாகாணத்தில் சமூகத் தடைகளை நீக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பு, கிணறு, குளம், நீராடு துறை, சாலை, பொதுமக்கள் கூடுமிடம் ஆகியவற்றைப் பெயர் சுட்டியே குறிப்பிடுகிறது. 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 1924இல் தனி ஒருவர் அடுக்கிய சொற்கள் நாட்டின் அடிப்படைச் சட்டத்திலும் இடம்பெற்றிருத்தல் ஒப்பிட்டுக் கற்றற்குரியது. சீனிவாசனாரும் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் பங்கேற்று, மன்றத்தில் எழுப்பிய குரலை அங்கும் ஒலித்தார்.

பணி முற்றுப்பெற்றுவிட்டதா? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், ஒடுக்கப்பட்ட மக்கள் பருகும் நீர்த்தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்தது கண்டறியப்பட்டது. சட்டத்தின் சொல் ஊரின் வழக்கமாக மாறும்வரை அதனைக் காக்கும் கடமை தொடர்கிறது.

முடிவுரை

மதீனாவில் விலைக்கு நீர் விற்கப்பட்ட ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் வாங்கி எல்லார்க்கும் உரியதாக்கிய வரலாறு நம் இல்லங்களில் சிறார்க்குச் சொல்லப்படுவது. தண்ணீரில் உயர்வு தாழ்வு இல்லை என்னும் நெறியைச் சமயவழி அறிந்தோர்க்குச் சீனிவாசனாரின் தீர்மானம் அயலார் வரலாறு ஆகாது. அவர் 1939இல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' தமிழ்த் தன்வரலாற்று நூல்களுள் இடம்பெறத்தக்கது. நம் மாணவர் அதனைத் தேடிப் பயிலுதல் வேண்டும்.

எண்ணிக்கையில் ஒருவராய் நின்றவர், எல்லார்க்கும் பொதுவான சொல்லைத் தேர்ந்து, அதனை அரசின் ஆணையாக்கினார். கட்சி சாராத உறுப்பினராயினும் ஊராட்சி மன்றத்தில் தனியே நிற்பவராயினும், தம் ஊர்ச்சாலையையும் கிணற்றையும் பற்றிப் பேச எழுவோர்க்கு மதுராந்தகம் மண் தந்த இவ்வழி இன்றும் பயன்படும்.