கடலடிச் சேற்றில் ஒரு கடிகாரம்

மாணவர்களே! கொல்லிமலையின் தேவனூர் நாட்டில் பெருமழை பெய்தால் ஓடைகள் மண்ணைக் கரைத்துக்கொண்டு கலங்கி ஓடும். அம்மலையில் பிறக்கும் ஐயாறு காவிரியில் கலக்கிறது; காவிரி வங்கக் கடலை அடைகிறது. ஆறுகள் கொணரும் வண்டலில் மிக நுண்ணிய துகள்கள் ஆழ்கடல்வரை சென்று அடுக்கடுக்காகப் படிகின்றன. அங்கே சில மில்லிமீட்டர் கனம் படிவதற்கே ஆயிரம் ஆண்டுகள் ஆகலாம்.

ஓர் அடுக்கின் வயதை எப்படி அறிவது? காஸ்மிக் கதிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கருக்களை உடைக்கும்போது பெரிலியம்-10 என்ற கதிரியக்க ஐசோடோப்பு உண்டாகிறது. அது மழையோடு கடலில் இறங்கி, துகள்களில் ஒட்டி அடியில் படிகிறது. பிறகு ஏறத்தாழ 14 இலட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. இதுவே நம் கடிகாரம்!

வாரணாசியில் 1929இல் பிறந்த தேவேந்திர லால், பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தவர். அவரும் உடன் உழைத்தவர்களும் ஆழ்கடல் படிவுகளில் பெரிலியம்-10ஐ அளந்து 1957இல் வெளியிட்டனர். வானை ஆராய்ந்த இயற்பியலாளர் இவ்வாறு கடலடிக்கு வந்து சேர்ந்தார். 2012இல் மறையும்வரை இத்தகைய ஐசோடோப்புகளே அவருடைய ஆராய்ச்சிக் களம்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். பூமியின் காந்தப்புலம் வலுவிழந்த காலங்களில் பெரிலியம்-10 கூடுதலாக உண்டாகும். அப்போது கணக்குப் பிசகும். அந்தப் பிசகைக் கொண்டே பழங்காலக் காந்தப்புலத்தை இன்று அறிகிறார்கள்!

படியும்போது இருந்ததில் எட்டில் ஒரு பங்கே ஓர் அடுக்கில் எஞ்சியிருந்தால் அதன் வயது என்ன? கணக்கிட்டுப் பாருங்கள்.