இளம் பிசியோதெரபிஸ்ட்டுக்கு ஒரு கடிதம்



மூளை முடக்குவாதம், வளரும் மூளைக்குப் பிறப்பதற்கு முன்போ பிரசவத்தின்போதோ பிறந்த சிறிது காலத்திலோ ஏற்படும் பாதிப்பால் வருவது. அந்தப் பாதிப்பு நாளாக ஆகக் கூடுவதில்லை. அதை அடியோடு நீக்கும் மருந்தும் இல்லை. ஆனால் குழந்தை வளர வளரத் தசை இறுகும், மூட்டு மடங்கி நின்றுவிடும், இடுப்பு மூட்டு விலகக்கூடும். பயிற்சியும் ஸ்ப்ளின்ட்டும் தேவைப்படுவது இதனால்தான். இவ்வளவையும் பெற்றோரிடம் முதல் சந்திப்பிலேயே பதமாக, ஒளிக்காமல் சொல்வதில்தான் குழந்தையை உள்ளபடி ஏற்றுக்கொள்வது தொடங்குகிறது. ஆறு மாதத்தில் நடந்துவிடுவான் என்ற வாக்கை நம்பி, நகையை அடகு வைத்து ஊர் ஊராக அலையும் குடும்பங்கள் உண்டு. அந்த அலைச்சலில் கரைவது குழந்தையின் பிள்ளைப் பருவம்.

ராபர்ட் பாலிசானோவும் சக ஆய்வாளர்களும் 1997-இல் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் உடல் இயக்கத்தை 5 நிலைகளாக வகுத்தார்கள். ஐந்தாம் நிலையில் உள்ள குழந்தைக்குத் தலையை நிமிர்த்திப் பிடிப்பதே பெரும்பாடு. நடப்பது ஒன்றே இலக்கு என்றால் அந்தக் குழந்தை தினமும் தோற்றபடியே வளரும். 2012-இல் பீட்டர் ரோசன்பாமும் யான் வில்லெம் கோர்ட்டரும் செயல்பாடு, உடல்தகுதி ஆகியவற்றோடு குடும்பம், விளையாட்டு, நட்பு, எதிர்காலம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள். கேஸ் ஷீட்டில் இந்தக் கடைசி நான்குக்கும் இடம் இருக்க வேண்டும்.

பேச்சு வராத பிள்ளைகளில் பலருக்குக் காது கேட்கும். பல பிள்ளைகளுக்கு எல்லாம் புரியும். "இவன் எப்ப சார் நடப்பான்?" என்று தாய் கேட்கும்போது மடியில் இருப்பவனும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். பதில் சொல்பவர் அவனையும் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆம் என்பதற்குக் கண்ணை மேலே உயர்த்தும் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அந்தக் கண் உயரும் வரை காத்திருக்கப் பொறுமை வேண்டும். பயிற்சியில் கடினமான பகுதி அதுதான்.

கிரகணத்தில் கத்தி எடுத்தாயா, யார் சாபம் என்றெல்லாம் பிறர் கேட்பதைக் கேட்டுத் தேய்ந்து வருபவள் தாய். குறைமாதப் பிரசவம், மூச்சுத்திணறல், கடும் மஞ்சள் காமாலை போன்றவையே காரணங்கள். பல நேரங்களில் காரணமே தெரிவதில்லை. இதை அவளிடம் தனியாகச் சொன்னால் போதாது. மாமியாரும் கணவரும் இருக்கும்போது சொல்ல வேண்டும்.

சமையல், தண்ணீர், மூத்த பிள்ளையின் பள்ளி எல்லாம் அவள் தலையில். அவளிடம் பத்துப் பயிற்சிகளை எழுதிக் கொடுத்து, செய்யவில்லை என்று கடிந்துகொள்வது அநியாயம். அன்றாட வேலைக்குள்ளேயே பயிற்சியை வைக்கலாம். தொடைகள் இறுகிப் பின்னும் குழந்தையை, நம் பெண்கள் வழக்கமாகத் தூக்குவதுபோல் கால்களை அகற்றி இடுப்பில் வைத்தாலே தசை நீளும். கஞ்சி ஊட்டும்போது தலை பின்னால் சாயாமல் பார்த்துக்கொண்டால் புரையேறுவது குறையும். இதைத் தகப்பனுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. ஆனாலும், மற்ற பிள்ளைகளுக்கு இடைஞ்சல் என்று பள்ளி திருப்பி அனுப்புவது நடக்கிறது. எந்த நாற்காலியில் எப்படி உட்கார வைப்பது என்று சிகிச்சையாளர் நேரில் போய்க் காட்டினால் தலைமையாசிரியரின் பயம் பாதி குறையும். ஆகவே, தம்மிடம் வரும் பிள்ளைகளில் பள்ளிக்குப் போகாதவர் யார் என்று முதல் மாதமே கேட்டு எழுதிக்கொண்டு, அவர்களுக்காகப் பள்ளிப் படி ஏற இளம் சிகிச்சையாளர் ஒவ்வொருவரும் முன்வர வேண்டும்.