ஓவியப் பாடம்

எண்ணையும் எழுத்தையும் மக்களின் கண்களுக்கு ஒப்பாகக் கூறுதல் தமிழர் மரபு. அவ்விரண்டையும் கற்பிக்கும் பள்ளியில் முகத்திலுள்ள கண்ணையே பழக்கும் பாடம் ஒன்றும் உண்டு. அஃது ஓவியப் பாடமாகும். ஆயினும், தேர்வு நெருங்குங்கால் பல பள்ளிகளில் முதலிற் கைவிடப்படுவது அப்பாடவேளையே. கணக்கும் அறிவியலும் அதனைத் தமக்கென எடுத்துக்கொள்கின்றன. 'ஓவியம் சோறு போடுமா?' என்று பெற்றோரும் வினவுகின்றனர். இதனால் மாணவர் இழப்பது யாது என ஆராய்தல் வேண்டும்.

மேசைமேல் உள்ள செப்புக் குடத்தை வரையுமாறு கூறினால், பயிற்சியில்லாத மாணவன் அதன் வாயை முழு வட்டமாக வரைந்துவிடுவான். குடத்தின் வாய் வட்டம் என்பது அவன் முன்னரே அறிந்த செய்தி. ஆனால், அவன் அமர்ந்துள்ள இடத்திலிருந்து நோக்கினால் அது நீள்வட்டமாகவே தோன்றும். நல்லாசிரியர் அதனைத் தவறென்று அடித்துவிடுவதில்லை. குடத்தை மாணவன் கண்ணுக்கு நேராக உயர்த்துகின்றார். வட்டம் ஒரு கோடாகிவிடுகின்றது. மெல்லத் தாழ்த்துகின்றார், கோடு நீள்வட்டமாக விரிகின்றது. நேர் மேலிருந்து நோக்கச் செய்கின்றார். அப்பொழுதுதான் முழு வட்டம் தோன்றுகின்றது. அறிந்தது வேறு, கண்டது வேறு என்னும் உண்மை அவனுக்கு அன்று விளங்குகின்றது. இங்ஙனம் பழகிய கண், இலையின் நரம்பையும் நிலப்படத்தின் வளைவையும் பிழையின்றிக் காணும். ஆதலின் ஓவியப் பாடம் ஏனைய பாடங்களுக்குப் பகையன்று, துணையே ஆகும்.

இக்கலை நம் நாட்டிற்குப் புதியதன்று. மதுரைக்காஞ்சி ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்னும் பெயரால் குறிக்கின்றது. காண்பார் கண்ணில் தம் தொழிலை நிலைபெறச் செய்வோர் என்பது அதன் கருத்து. 7 ஆம் நூற்றாண்டில் ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் 'சித்திரகாரப்புலி' என்னும் பட்டத்தைத் தனக்குப் பெருமையாகக் கொண்டான். புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசலில், 9 ஆம் நூற்றாண்டில் தீட்டப்பெற்ற தாமரைப் பொய்கையை இன்றும் காணலாம். பூக்களும் மீன்களும் பறவைகளும் யானைகளும் அதில் நிறைந்துள்ளன. பொய்கைக் கரையில் நெடுநேரம் நின்று நோக்கிய கண்ணுக்கே அத்தகைய கை வாய்க்கும்.

இக்காலத்தில் ஆர்வமுள்ள மாணவருக்கு வாயில்கள் பல உண்டு. 1850 இல் அலெக்சாண்டர் அண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகின்றது. கும்பகோணத்திலும் அத்தகைய கல்லூரி உண்டு. மாமல்லபுரத்தில் 1957 இல் தோன்றிய நிறுவனம் சிற்பமும் மரபுக் கட்டடக் கலையும் கற்பிக்கின்றது. மேனிலைக் கல்வி முடித்தோர் இவற்றிற் பட்டம் பெறலாம். துணிக்கு வடிவமைத்தல், நூல்களுக்குப் படம் வரைதல், அசைவூட்டுப் படம் ஆக்குதல், பள்ளிகளில் ஓவியம் கற்பித்தல் முதலிய தொழில்கள் இக்கல்வியின் பயன்கள்.

சோறு போடுமா என்னும் வினாவிற்குக் கே. சி. எஸ். பணிக்கரின் வாழ்வு விடை பகரும். சிறுவயதிலேயே ஓவியம் வரைந்த அவர், இளமையில் தந்தித் துறையில் வேலை பார்த்தார். எனினும், 1936 இல், தம் 25 ஆம் அகவையில், சென்னைக் கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1957 இல் அதற்கே முதல்வரானார். ஓவியத்தை மட்டும் விற்று வாழ்தல் அரிது என்பதை அவர் நன்கறிவார். ஆதலின், அவரும் இளம் ஓவியரும் கூடிக் கைவினைப் பொருள்கள் செய்தனர். துணிகளில் மெழுகும் சாயமும் கொண்டு பாத்திக் வேலை செய்து விற்றனர். அவ்வருவாயைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் நிலம் வாங்கி, 1966 இல் சோழமண்டலம் என்னும் ஓவியர் ஊரை அமைத்தனர். கலையும் வளர்ந்தது, குடியும் நிலைத்தது.

எல்லா மாணவரும் ஓவியராதல் இல்லை. ஆக வேண்டுவதும் இல்லை. ஆனால், உள்ளதை உள்ளவாறு காணும் கண் எல்லார்க்கும் வேண்டும். கிழமைக்கு ஓரிரு வேளையே கிடைக்கும் அப்பயிற்சியைப் பிற பாடங்களுக்கு ஈந்துவிடாது காத்தல் பள்ளியின் கடன். அவ்வேளையில் கரிக்கோலைக் கையிலெடுக்குமுன் பொருளை ஊன்றி நோக்குதல் மாணவர் கடன்.